மாமனார் வாயில் ஒன்பது புழு

டங்!

வெண்கலத் தட்டில் குச்சி மோதியது. நோயாளியின் வாயிலிருந்து ஒரு புழு விழுந்துவிட்டது என்று அர்த்தம். மூடிக் கிடந்த அச்சகத்துக்குள் வாசல்வரை நெரிந்த கூட்டம் ‘மூன்று’ என்று பக்தியோடு எண்ணியது.

பல்புழு வைத்தியரின் முறை எளிது. காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரு பிடி விதையைப் போடுவார். புகை கிளம்பும். பக்கத்திலேயே தண்ணீர்க் கிண்ணம். நோயாளி கண்ணை மூடி, அதன்மேல் குனிந்து, வாய்நிறையப் புகையை வாங்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் மிதக்கும். கண்ணை மூடச் சொன்னது நோயாளியை மட்டும்தான்; கூட்டம் தானாகவே மூடிக்கொண்டது. வைத்தியம் இலவசம். புழுவுக்குத்தான் கட்டணம்.

வரிசையில் ஒரு பேருந்து ஓட்டுநர் கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றார். கன்னமா, பூசணியா என்று கேட்கும்படி வீக்கம். வாய்க்குள் ஒரு விரல் நுழைவதே கஷ்டம். அவரை அங்கே வரவழைத்தது அவருடைய மாமனாரின் புகழ்.

மாமனார் அந்த இடத்தின் நடமாடும் விளம்பரம். போன மாதம் வேடிக்கை பார்க்க வந்தவரை வைத்தியர் பிடித்து உட்காரவைத்தார். ஒன்பது புழு! அன்றிலிருந்து அவருக்கு முன்வரிசை நாற்காலி. “எழுபது வயசுல இந்தப் பல்லைப் பாருங்க” என்று வைத்தியர் கை காட்டுவார். அவரும் முத்து வரிசையாகச் சிரித்துவைப்பார்.

ஓட்டுநருக்கு ஓர் அக்கா. பல் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. போன வாரம் தம்பியை அங்கே இழுத்துப்போனதும் அவர்தான். பல்லைத் திறந்து, வேருக்குள் மெல்லிய காகிதக் குச்சியை விட்டுச் சீழ் எடுத்தார்கள். அக்கா அதில் சாயம் கலந்து, நீல ஒளி பாய்ச்சும் நுண்ணோக்கியில் வைத்தார். இருட்டில் உயிருள்ள பாக்டீரியாக்கள் பச்சையாக மினுங்கின, செத்தவை சிவப்பாக. எங்கு பார்த்தாலும் பச்சை. வேரைச் சுத்தம் செய்யாமல் தீராது என்றார் டாக்டர். நெடுஞ்சாலையில் லாரிக்குக்கூட வழிவிடாத ஓட்டுநர், ஊசியைக் கண்டதும் ஒதுங்கி ஓடிவிட்டார்.

ஓடி வந்தது இங்கேதான். முதல் நாள் விழுந்த நாலு புழுக்களைச் சின்ன பாட்டிலில் பொக்கிஷமாக வைத்திருந்தார். அக்கா அவற்றையும் அதே நுண்ணோக்கியில் பார்த்தார். வாய் இல்லை, குடல் இல்லை. செங்கல் அடுக்கியது போலச் செடியின் செல்கள். சூடு பட்ட விதை வெடித்துத் தெறித்த முளை அது.

இரண்டு படங்களையும் போனில் வைத்துக்கொண்டு அக்கா இன்று வரிசைக்கே வந்துவிட்டார்.

“உன் மிஷின்ல பச்சைப் பொட்டுதானேக்கா தெரியுது? இவரு புழுவையே கையில குடுக்கறாரு.”

“டேய், வீக்கம் கழுத்துக்கு இறங்குது. இன்னும் இறங்கினா மூச்சையே அடைக்கும். டாக்டர் இன்னிக்கே வரச் சொல்றாரு.”

“மாமாவுக்கு ஒன்பது வந்துச்சே. அவரு என்ன பொய்யா சொல்றாரு?”

மாமனார் தன் செருப்பை ஆராய்ந்தார்.

அக்கா நேரே வைத்தியரிடம் போனார். யார் வாயும் வேண்டாம், வெறும் கிண்ணத்துக்குப் புகை போட்டுக் காட்டுங்கள் என்றார். வாயில்லாமல் புழு எப்படி வரும் என்று வைத்தியர் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. படித்த திமிர் என்றது ஒரு குரல். அக்கா தானே விதையை அள்ளப் போக, நாலு கைகள் தடுத்தன. வைத்தியர் தன் துருப்புச் சீட்டை இறக்கினார்.

“என்னை நம்ப வேணாம்மா. இந்தப் பெரியவரோட பல்லையே கேளு.”

எல்லாத் தலைகளும் திரும்பின. மாமனார் மருமகனைப் பார்த்தார். எச்சில் விழுங்கவே தவித்துக்கொண்டிருந்தது அந்தக் கழுத்து. மகளுக்குக்கூடச் சொல்லாத ரகசியத்தோடு அவர் எழுந்து வந்தார். வாய்க்குள் கையை விட்டார். மேல் வரிசை. அப்புறம் கீழ் வரிசை. இரண்டையும் வெண்கலத் தட்டில் போட்டார்.

டங். டங்.

இந்தமுறை யாரும் எண்ணவில்லை.

“எட்டு வருஷமா என் வாயில சொந்தப் பல்லு ஒண்ணுகூட இல்லைங்க. வெளியே தெரிஞ்சா கேவலம்னு சும்மா இருந்துட்டேன். அந்த ஒன்பது புழுவும் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பவாவது யோசிங்க.”