தப்புக் கணக்குச் சொன்ன நீர்நாய்

ஒரு காட்டில் ஒரு நீர்நாய் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கென்ன என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இந்த நீர்நாயிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பேர் வடிவழகி. ஆற்றங்கரைச் சரிவில் அதன் வளை. வளைக்குள் இப்போதுதான் கண் திறந்த குட்டிகள். நீர்நாய்க் குட்டிக்கு வெள்ளம் ஒரு பொருட்டா என்று கேட்டுவிடாதீர்கள். பிறந்தவுடனே நீந்த அது என்ன மீன்குஞ்சா? தாய் கழுத்தைக் கவ்வித் தண்ணீரில் அமுக்கி அமுக்கிப் பழக்கினால்தான் நீச்சல் வரும். அதற்குள் மழைக்காலம் வந்து நின்றது. மேற்கே மலை கறுத்துவிட்டது.

காட்டின் தலைவரான யானை எல்லாரையும் கூப்பிட்டது.

"கரையை உசத்தணும். எருமைங்க மண்ணு சுமக்கும். எவ்வளவு உசரம்னு வடிவழகி கணக்குப் போட்டுச் சொல்லும்."

"நானாங்கய்யா?"

"நீதானே கம்ப்யூட்டர் வச்சிருக்கே!"

கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவதில் காடென்ன, நாடென்ன, எல்லாம் ஒன்றுதான்.

கணக்குப் போட 'மூங்கில்' என்றொரு மென்பொருள் இருந்தது. காட்டில் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்தது. இலவசம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். எல்லாருக்கும் சொந்தம். அதனால் மக்கர் பண்ணினால் யார் சட்டையைப் பிடிப்பது என்றுதான் தெரியாது.

வடிவழகி ஆற்றின் அகலம், ஆழம், ஓட்டம் எல்லாவற்றையும் கொடுத்தது. உயரத்தை x என்று வைத்துக்கொண்டு, x எவ்வளவு என்று கேட்டது.

'x யாரென்று எனக்குத் தெரியாது' என்றது மூங்கில்.

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்?" என்று வடிவழகி பல்லைக் கடித்தது.

கொஞ்ச நேரம் முட்டி மோதிய பிறகு விஷயம் புரிந்தது. x என்று ஒருவர் வரப்போகிறார் என முதலிலேயே அறிவித்துவிட வேண்டுமாம். சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு மரியாதை எதிர்பார்க்கமாட்டார்கள். சரி, அறிவித்தாயிற்று. விடையும் வந்தது. அடேயப்பா, என்ன விடை! வர்க்கமூலத்துக்குள் பின்னம், பின்னத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம், திரையின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இம்மியும் பிசகாத விடை. ஆனால் முழத்தில் சொல் என்றால் மட்டும் மூங்கில் வாயைத் திறக்கவில்லை.

"என்னக்கா, எத்தனை முழம்?" என்றது மண்கூடையோடு நின்ற எருமை.

வடிவழகி விடையை மூச்சு வாங்கப் படித்துக் காட்டியது.

"வர்க்கமூலத்தையெல்லாம் முதுகுல ஏத்த முடியாதுக்கா. நம்பரா வந்ததும் கூப்பிடு" என்று எருமை போய்ச் சேற்றில் படுத்துக்கொண்டது.

மூங்கிலில் கரை கண்டவர்கள் மூன்று பேர். முள்ளம்பன்றி ஈட்டியப்பன், உடும்பு உலகநாதன், கரடி சடையாண்டி. ஆற்றுக்கு அக்கரையில் ஆலமரத்தடிப் பொந்துகளில்தான் குடியிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். ஆனால் நேரில் கேட்டால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். கணினியில் பயனர் மன்றம் என்று ஒன்று இருந்தது, அங்கேதான் கேட்க வேண்டும். வடிவழகியும் பணிவாகக் கேட்டது: 'ஐயா, ஆற்றின் அளவுகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். விடை தசம எண்ணாக வரவில்லை. என்ன செய்யலாம்? குட்டிகளோடு கரையில் இருக்கிறேன், அவசரம்.'

'எந்தப் பதிப்பு?' என்று கேட்டார் ஈட்டியப்பன்.

'உதவிப் பக்கத்தை முழுவதும் படித்தீர்களா?' என்றார் உலகநாதன்.

'நான் மூங்கிலைத் தொட்டே வெகுகாலம் ஆகிறது. நீங்களும் 'பிரம்பு' மென்பொருளுக்கு மாறிவிடுங்கள்' என்றார் சடையாண்டி.

உடனே மூங்கிலா பிரம்பா என்று மூவருக்கும் அடிதடி. அது ஓய்ந்ததும், 'இது ஏற்கெனவே ஆமை கேட்ட கேள்வி' என்று சொல்லி ஈட்டியப்பன் கேள்வியை இழுத்துப் பூட்டினார். வடிவழகி ஆவலோடு ஆமையின் பழைய கேள்வியைத் தேடிப் பிடித்தது. அதே கேள்விதான், எழுத்து பிசகவில்லை. அதன் கீழே ஆமை எழுதியிருந்தது: 'சரியாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.'

எப்படிச் சரியானது? அதை மட்டும் எழுதவில்லை, புண்ணியவான்!

வடிவழகி தலைதெறிக்க ஆமையிடம் ஓடியது. ஆமை யோசித்தது. ஆமை யோசித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

"என்னமோ பண்ணினேம்மா. சரியாப்போச்சு. என்ன பண்ணினேன்னுதான் சுத்தமா ஞாபகம் இல்ல."

திரும்பி வரும்போது முதல் தூறல் விழுந்தது. வளைக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கிக்கொண்டிருந்தன. வடிவழகிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில் மன்றத்துக்குப் போய் அடித்துத் தள்ளியது: 'மூங்கிலில் தசம எண் வரவே வராது. வரும் என்பவர்கள் புளுகர்கள். இந்த ஆற்றுக்கு ஒரு சாண் கரை போதும். நான் சொன்னால் சொன்னதுதான்.'

அவ்வளவுதான். மழைக்கு ஈசல் கிளம்பியதுபோல் கிளம்பிவிட்டார்கள்.

'அறிவிலியே!' என்று ஆரம்பித்த ஈட்டியப்பன், தசமமாக்கும் கட்டளையை எழுத்துக்கு எழுத்து எழுதிப் போட்டார். 'அதைவிடச் சின்ன வழி இருக்கிறது' என்று உலகநாதன் இன்னொன்று போட்டார். மூங்கிலைத் தொடுவதே இல்லை என்ற சடையாண்டி, முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்து, 'ஒரு சாணாம், ஒரு சாண்! ஆறரை முழம் வேண்டும்' என்று விடையைத் தூக்கி முகத்தில் எறிந்தார்.

வடிவழகி தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தது. ஆறரை முழமேதான்!

எருமைகள் எழுந்தன. பொழுது சாய்வதற்குள் இக்கரை ஆறரை முழம் உயர்ந்துவிட்டது. மறுநாள் காலை வெள்ளம் வந்து கரையின் உச்சியை நக்கிப் பார்த்துவிட்டு, ஏற முடியாமல் அக்கரைப் பக்கம் திரும்பியது. குட்டிகள் நனையவே இல்லை. வடிவழகிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அக்கரையைப் பார்த்தால், ஆலமரத்தடியில் கரையும் இல்லை, ஆள் அசைவும் இல்லை. மூவரும் பொந்துகளுக்குள் உட்கார்ந்து, யார் எழுதிய கட்டளை நேர்த்தியானது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வடிவழகி பதறிப்போய்த் தொண்டை கிழியக் கத்தியது. யாரும் தலை நீட்டவில்லை. மன்றத்தில் எழுதியது: 'வெள்ளம் வருகிறது. வெளியே ஓடுங்கள்!'

'இது கணித மன்றம். வானிலைக்கு வேறு மன்றம் பார்க்கவும்' என்றார் ஈட்டியப்பன்.

'எந்த வெள்ளம்? விவரமாகக் கேட்கவும்' என்றார் உலகநாதன்.

தண்ணீர் ஆலம் விழுதைத் தொட்டது.

வடிவழகி தலையில் அடித்துக்கொண்டு வேறு விதமாக எழுதியது: 'ஆலமரத்தடிக்குத் தண்ணீர் ஒருநாளும் வராது. அளந்து பார்த்துவிட்டேன்.'

"எவன் சொன்னது?" என்று மூன்று பொந்திலிருந்தும் மூன்று தலைகள் வெளியே வந்தன. "இதோ பார், வாசலுக்கே வந்திருக்கு! இதுகூடத் தெரியாம..." என்று சொல்லும்போதே மூவருக்கும் சொன்னது உறைத்தது. கணினியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். பின்னாலேயே பொந்துகள் மூழ்கின.

மேட்டில் ஏறி, உடம்பை உதறிக்கொண்டு, மூவரும் வாழ்க்கையில் முதன்முதலாக ஒருமனதாக ஒரு முடிவெடுத்தார்கள். அது உடனே மன்றத்தில் வந்தது: 'தொடர்ந்து தவறான தகவல் பரப்பிவரும் வடிவழகி இன்றுமுதல் நிரந்தரமாக நீக்கப்படுகிறார்.'

வடிவழகி படித்துப் பார்த்தது. மடிக்கணினியை மூடிவிட்டு, மூத்த குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு நீச்சல் பழக்கப் போனது.

இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு நீதி: உதவி கேட்டு யார் காலிலும் விழாதீர்கள்; தப்பை அழுத்தந்திருத்தமாகச் சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்ற வராதவர்கள் உங்களைத் திருத்த ஓடோடி வருவார்கள், அந்த ஓட்டத்தில் தாங்களும் பிழைத்துக்கொள்வார்கள்.