பூவரசன் ஊற்றிய சாம்பல் மை

கதைக்குள் போகுமுன் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள ஒரு மீனவக் குப்பத்திலேயே பிரிண்டர் உள்ள வீடு ஒன்றுதான். அந்தப் பிரிண்டர் சுபஸ்ரீயுடையது, அழைப்பிதழ் அடித்துக் கொடுப்பது அவள் தொழில். வண்ண மைகளைக் கலந்து கறுப்பு வெள்ளைப் படம் அடித்தால், சாம்பலில் பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். அதற்கென்றே விற்கும் சாம்பல் மைகளை வண்ணத் தொட்டிகளில் ஊற்றினால் அந்தக் குறை தீரும். ஆனால், பிறகு அந்தப் பிரிண்டரில் வண்ணம் வராது.

அவள் கணவன் பூவரசனுக்கு இவை எல்லாம் தெரியும். தெரிந்தேதான் ஊற்றினான்.

முகத்துவாரத்தில் விடியலில் படகுகள் கிளம்பும் காட்சியைத் தன் கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தான். பொன்னேரிப் புகைப்படக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். கறுப்பு மையை மட்டும் கொண்டு அடித்தான். வானமெல்லாம் மிளகுப்பொடி தூவியதுபோல் வந்தது. வண்ணங்களைக் கலந்து அடித்தான். ஏரி பாசி பிடித்துக் கிடந்தது. ஆகவே சாம்பல் மைகளை வரவழைத்து, சுபஸ்ரீ திருப்பாலைவனம் கோயிலுக்குப் போன காலையில் காரியத்தை முடித்தான். கேட்டால், பிரிண்டர் பழுது என்று சொல்வதாகத் திட்டம்.

படம் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். டியூப் லைட்டில் பார்த்தான். எதிலும் துளி நிறம் இல்லை. வாழ்நாளில் அவன் செய்த பிழையற்ற காரியம் அது ஒன்றே.

மாலையில் பக்கத்து வீட்டு வைஷ்ணவி வந்தாள். அவள் மகளின் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழைச் சுபஸ்ரீ அடித்துக் கொடுத்தாள்.

"இன்னா அண்ணே இது? பொண்ணு வயசுக்கு வந்துகிறா, நீங்க கண்ணீர் அஞ்சலி அடிச்சிக் குடுக்கிறீங்க?"

"பிரிண்டர் ரிப்பேர் போலக்குது," என்றான் பூவரசன்.

"ரிப்பேர்லாம் இல்ல வைஷ்ணவி. உங்க அண்ணன் சாம்பல் மைய ஊத்திக்கிறாரு," என்றாள் சுபஸ்ரீ.

"உனக்கு எப்டித் தெரியும்?"

"பார்சல் வந்தன்னைக்கே பிரிச்சிப் பாத்துட்டு, திரும்ப ஒட்டி வச்சேன்."

"அப்ப ஏன் தடுக்கல?"

"பெரிய பிரிண்டர் ஒண்ணு வேணும்னு எவ்ளோ நாளா கேக்குறேன். இருக்கறது நல்லாத்தான ஓடுதுன்னீங்க. இப்ப ஓடலல்ல."

"வாங்கறதுக்கு எங்கிட்ட இன்னா இருக்குது?"

"கழுத்துல தொங்குதே."

பூவரசன் கேமராவைக் கழற்றினான். மிக மெதுவாகக் கழற்றினான். "இந்தப் படத்தையாவது ஒருவாட்டி பாரேன்," என்று நீட்டினான்.

அவள் ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். "நெசமாவே நல்லாக்குது," என்றாள். திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வருத்தம் இருந்திராது.

பின்னர் நடந்தவை இவை: அழைப்பிதழ்கள் புதிய பிரிண்டரில் மஞ்சளும் சிவப்புமாக வந்தன. கேமரா அனுப்பம்பட்டில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. கண்காட்சியில் படம் மாட்டப்பட்டது. எந்த மையில் அடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய பிரிண்டர் பூவரசனுக்கே சொந்தமாயிற்று. அதில் சாம்பல் மை நிறைய இருக்கிறது. அடிப்பதற்குப் புதிய படம்தான் இல்லை.