கட்டஞ்சாயாவில் முங்கிய விருது

வாழிய, எங்கள் வடசேரித் தெருவின் வண்ணக்கோமான்! கருத்த முகங்களை ஒரு சொடுக்கில் வெளுக்கவைத்த வித்தகன், மணமக்கள் தலைமேல் மேகமும் புறாவும் மிதக்கவிட்ட மாயக்காரன், பிளெக்ஸ்குலத் திலகன் ஸ்டெனி வாழிய! கண்டதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நானே கண்டேன். காணாததை அவன் மனைவி சுபிதா சொன்னாள்.

ஏழாண்டாக அவ்வீரன் நெஞ்சில் ஒரு வேல் தைத்துக் கிடந்தது. மாமனார் ஆபேல் வாத்தியார் எந்தக் கல்யாணவீட்டில் அவனை யாருக்குக் காட்டினாலும், "நம்ம மருமோன், பிளெக்ஸ் அடிக்கான்" என்பதோடு வெற்றிலைக்குத் திரும்பிவிடுவார். 'டிசைனர்' என்ற ஒரு சொல் அத்திருவாயினின்று உதிர வேண்டும். அதற்காகவே, துணியோ மரமோ தாளோ எத்துறை வடிவமைப்பாளரும் மோதலாமென நாகர்கோவிலில் முரசறைந்த விருதுக்களத்துக்குப் பேர் கொடுத்தான்.

களத்தின் விதியோ கொடிது. முடிந்த படைப்பு போதாது. அது பிறந்த வழியும் வேண்டும், தப்பிய கோடும் அழித்த கோடும் உட்பட. நம் வீரனின் வழியோ ஊரறிந்தது: போன வருஷத்துச் சபை அசன விருந்து பிளெக்ஸைத் திறப்பான், தேதியை மாற்றுவான், முதுகுப்பின்னால் நிற்கும் கமிட்டிக்காரர் "என் படத்த கொஞ்சம் வலுதாக்கு மக்கா" என்றால் பெரிதாக்குவான்.

அஞ்சினானா? போட்டிநாள் காலை, போட்டிக்கென முடித்த பிளெக்ஸைப் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டு தாள்களில் அதன் பிள்ளைப்பருவத்தைப் புனைந்தான், ஈராண்டு முந்திய தேதியிட்டான், கசக்கினான், மிதித்தான், பழமை ஏறும்பொருட்டு, சுபிதா குடிக்கத் தந்த பாலில்லாக் கட்டஞ்சாயாவில் யானைகளைக் குளிப்பாட்டும் பாகனென ஒவ்வொன்றாய் முக்கியெடுத்தான். வெற்றி உறுதியென, 'விருது வென்ற டிசைனர்' என்று தன்னையும் வாழ்த்திச் சிரிக்கும் மாமனாரையும் பத்தடிப் பிளெக்ஸில் விரித்துத் தெருமுனையில் கட்டிவிட்டல்லவா வண்டியேறினான்!

களத்தில் எதிர்நின்றவள், எங்கள் தெருவிலேயே பிளவுஸ் தைக்கும் பிரீனா. கை தூக்கவியலாத ஒரு மணப்பெண்ணுக்காகத் தோளில் திறக்கும் பிளவுஸ் தைத்திருந்தாள். அதற்குமுன் பழைய நைட்டித்துணியில் வெட்டித் தோற்ற ஏழு பிளவுஸையும், தோற்ற படைத்தலைவர்களை நிறுத்துவதுபோல் மேசையில் வரிசையிட்டு, "இது கைய இறுக்கிச்சு, இது முதுகுல பிடிச்சு" என்று கூசாமல் சொன்னாள்.

பின்னர் நடுவர் அம்மையார், ஞாயிறு மேகத்துள் புகுவதுபோல் மெல்ல வந்து, ஸ்டெனியின் முதல் தாளைத் தொட்டார். விரல்நுனி பழுப்பானது. முகர்ந்தார். தேதியைப் படித்தார்.

"ரெண்டு வருஷமாவா தம்பி காயல?"

அக்கணம் பன்னிரண்டு தாளும் பன்னிரண்டு திசைக்கு ஓடின படைகளாயின. கேடயம் பிரீனாவின் தோள்சஞ்சிக்குள் போயிற்று.

மாவீரன் மீண்டபோது, தெருமுனையில் தன் பத்தடிச் சிரிப்பை அண்ணாந்து நோக்கி நின்றார் வாத்தியார். பிளெக்ஸின் ஓரத்தை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்து, "நல்ல கனம்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, எவ்வாய்க்காக அவன் ஏழாண்டு தவமிருந்தானோ அவ்வாயினின்றே, சபை வாசலில் நாலுபேர் கேட்க, மணியோசையென அச்சொல் உதிர்ந்தது: "நம்ம தெரு டிசைனராக்கும்." கை நீண்டது பிரீனாவை நோக்கி.

அந்தப் பத்தடி பிளெக்ஸ் இப்போ வாத்தியார் வீட்டு விறகுமேல கிடக்கு, மழைக்கு ஒழுகல்ல.