கலங்கரை விளக்கத்தில் ஒரு முன்மாதிரி விடுமுறை

நெருப்பும் சக்கரமும்தான் மனிதனின் மாபெரும் கண்டுபிடிப்புகள் என்று பள்ளிக்கூடங்களில் இன்னமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. தலைசிறந்த கண்டுபிடிப்பு, முறைப்படி திட்டமிட்ட விடுமுறைதான். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. எங்கள் அலுவலகத்தின் 'வேலை–வாழ்க்கைச் சமநிலைக் குழு'வுக்கு நான்தான் தலைவர்.

பதவியின் பாரம் சாதாரணமானதல்ல. ஊழியர்கள் குடும்பத்தோடு நேரம் செலவிட வேண்டும் என்று வலியுறுத்தும் சுற்றறிக்கைகளை எழுதுவதற்காகவே பல ஞாயிற்றுக்கிழமைகளை அலுவலகத்தில் கழித்திருக்கிறேன். என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வாயைத் திறக்கச் சொல்கிறவர்களுக்கும் திறக்க அஞ்சுகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து, எப்போது பேச வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டு பேருமா ஒரு தடவை கடல்ல டால்பின் பாக்கணுங்க."

'ஆவன செய்யப்படும்' என்று அன்றே உறுதியளித்திருந்தேன். பல கோடைகள் போய், இந்தக் கோடையில் ஆவன செய்தேன்.

தங்குமிடம் என் தேர்வு. பணி ஓய்வு பெற்ற ஒரு கலங்கரை விளக்கம். அதன் உச்சியில், விளக்கைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். வட்டமான அறை, தரையிலிருந்து கூரைவரை சுற்றிலும் கண்ணாடி. திரைச்சீலை கிடையாது. அவள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"எனக்காகவா இந்த இடத்தைப் புடிச்சீங்க?"

"பின்னே?" என்றேன், போனை உயர்த்திப் பிடித்தபடி. சிக்னல் முழுதாக இருந்தது. அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான் என்று முன்பதிவுக்கு முன்பே விசாரித்து வைத்திருந்தேன். இயற்கையை ரசிப்பதற்கும் ஒரு தொலைநோக்கு வேண்டும்.

மறுநாள் காலை டால்பின் பார்க்கும் படகில் இருவருக்கும் இடம் சொல்லியிருந்தோம். அன்று மாலையே ஊர் திரும்ப வேண்டும். காலைப் படகை விட்டால் வேறு படகு இல்லை. கிளம்புகிற நேரத்தில் சமநிலைக் குழுவின் அவசரக் கூட்டம் ஒன்று முளைத்தது. பொருள்: 'விடுப்பில் இருக்கும் ஊழியரை அலுவலகம் தொந்தரவு செய்யலாமா?'

"தலைவர் இல்லாம எப்படி நடத்துவாங்க?" என்றேன்.

"தலைவர்தான் லீவுல இருக்காரே?"

"அதனாலதாம்மா. லீவுல இருக்கறவங்க கஷ்டத்தை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

"அப்ப டால்பின்?"

"நீ போய்ட்டு வா. பாத்துட்டு வந்து சொல்லு. ரெண்டு பேரும் பாத்த மாதிரிதான்."

அவள் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கூட்டம் தொடங்கியதும் சரியாகிவிட்டது.

கேமராவில் தெரியும் பகுதிக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் அணிந்திருந்தேன். தெரியாத பகுதிக்கு, இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய, சிவப்புச் செம்பருத்தி அச்சிட்ட அரைக்கால்சட்டை. வேலையும் வாழ்க்கையும் ஒரே உடம்பில். சமநிலையை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

"லீவுல இருந்தும் வந்திருக்கீங்க சார், புல்லரிக்குது" என்றார் மனிதவள மேலாளர்.

"லீவுல இருக்கறவங்களை யாரும், எதுக்காகவும் கூப்பிடவே கூடாது" என்று முழங்கினேன்.

"அருமை சார். இதைப் பத்தி விரிவாப் பேசச் சாயங்காலம் கூப்பிடலாமா?"

"தாராளமா."

நடுவில் ஒரு படகு கோபுரத்தை நெருங்கி வந்து நின்றது. எல்லோரும் எழுந்து, பைனாகுலர்களை என் பக்கம் திருப்பினார்கள். பழைய கட்டடக் கலையில் பொதுமக்களுக்கு இத்தனை ஆர்வமா என்று பெருமையாக இருந்தது. ஆனால் அந்தப் பைனாகுலர் கண்ணாடிகளில் பட்ட வெயில் கண்ணைக் கூசச் செய்தது. நாற்காலியைத் திருப்பி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் மகத்தான வெற்றி. முடிவை அடுத்த கூட்டத்தில் எடுப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்தோம்.

அவள் திரும்பி வந்தபோது நான் இன்னும் டையைக்கூடக் கழற்றவில்லை.

"டால்பின் வந்துச்சா?"

"வரலைங்க. வெறும் தண்ணி. படகுக்காரர்தான் பாவம், எல்லாரையும் ஏமாத்தி அனுப்ப மனசு வராம வேற ஒண்ணைக் காட்டினாரு. இந்த சீசன்ல இங்க வருமாம்."

"அப்படிப் போடு!" என்றேன். என் திட்டமிடல் வீண்போகவில்லை. "எப்படி இருந்துச்சு?"

"மேல்பாதி வெள்ளை. தொண்டையிலருந்து வயிறு வரைக்கும் கறுப்பா ஒரு பட்டை. கீழ்பாதி முழுக்கச் செவப்புப் புள்ளி."

"கடல் பறவையா?"

"பறக்காதாம். ஒரே இடத்துல உக்காந்திருந்துச்சு. எதிர்ல யாருமே இல்ல, தானாத் தலையாட்டுது, தானா வாயசைக்குது."

"துணையைக் கூப்பிடுதும்மா" என்று அவளுக்கு விளக்கினேன். "விலங்குங்க அப்படித்தான்."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். கையைக்கூட ஆட்டினேன். முதுகைத் திருப்பிக்கிச்சு."

என் பார்வை டையின் வழியாக மெல்லக் கீழே இறங்கி, செம்பருத்திப் பூக்களில் போய் நின்றது. அவள் பைனாகுலரைக் கழற்றி, என் லேப்டாப் பக்கத்தில் வைத்தாள்.

"படகுல ஒரு அம்மா கேட்டாங்க, இது ஜோடியா வாழுற இனமா, தனியா வாழுறதான்னு. படகுக்காரருக்குத் தெரியல."

"நீ... நீ ஏதாவது சொன்னியா?"

"சொன்னேன். ஜோடி இருக்கு, இதுதான் இன்னும் அதைப் பாத்ததில்லைன்னு."