நாற்பது வருடம் முந்தி வந்த சாவுச் செய்தி

நான் இறந்துபோன செய்தியை என் வருங்கால மாமனாருக்கு அறிவித்தவன் நானேதான். அதுவும் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது.

அப்போது கொழும்பில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் எனக்கு உத்தியோகம். அறையை அடைத்து நிற்கும் பெரிய கணினிக்கு வருங்காலத் திகதியொன்றைக் கொடுத்து, அந்த நாள் வந்துவிட்டதாக நம்பவைத்து, அது குழம்புகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. (பொய் சொல்வதற்குச் சம்பளம்.) அன்று, கணவன் இறந்தால் மனைவிக்குக் கடிதம் போகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கற்பனைப் பெயர்களைப் போடச் சொல்லியிருந்தார்கள். எனக்கோ அந்த நாட்களில் எனக்கு நிச்சயித்திருந்த சுகந்தியைத் தவிர வேறு பெயரோ, அவளுடைய அனலைதீவு விலாசத்தைத் தவிர வேறு விலாசமோ தோன்றுவதில்லை. கணவனாக என்னைப் போட்டேன். திகதியை நாற்பது வருடம் தள்ளிவைத்து என்னைச் சாகடித்தேன். சோதனைக் கடிதம் தபாலுக்குப் போகாமல் தடுக்கும் கட்டளையை மட்டும் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மாமா தொலைபேசியில் வந்தார்.

“தம்பி, உயிரோடதானே கதைக்கிறீர்?”

“ஓம் மாமா.”

“அப்ப நேர வந்து காட்டும். பிள்ளையை விதவை எண்டு எழுதி வந்திருக்கு. மாமி கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லி நிக்கிறா.”

செத்தாலும் பரவாயில்லை, கலியாணத்தை மீட்பது என்று புறப்பட்டேன். ஊர்காவற்றுறையில் படகேறினால் சோழகக் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. வேலணைத் தீவில் பிறந்த நான் (தீவுக்காரருக்குச் சொல்லிவிடாதீர்கள்) வழி முழுக்கச் சத்தி எடுத்தேன். வாசலில் மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கடிதம் முழுப் பொய் எண்டும் சொல்லேலாது போல கிடக்கு.”

கணினி, திகதி, சோதனை எல்லாவற்றையும் விளக்கினேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “சாவுக்கு நாள் குறிக்கிற உத்தியோகக்காரன் எங்களுக்கு வேண்டாம்.”

குசினியிலிருந்து வந்த சுகந்தி கடிதத்தைப் பிடுங்கித் தகப்பனிடம் நீட்டினாள்.

“திகதியைப் பாருங்கோ அப்பா. இன்னும் நாப்பது வருசம் கிடக்கு. பொருத்தம் பாத்த சாத்திரியார் இப்பிடி எழுத்தில தந்தவரே?”

மாமா விரல் விட்டு எண்ணினார். “அறுபத்தெட்டு வயது... எங்கட அப்பர் அவ்வளவு இருக்கேல்லை.” பிறகு மாமியிடம் திரும்பினார். “பந்தலுக்குச் சொல்லுவம்.”

கடிதம் இப்போது எங்கள் அலுமாரியில். நான் காய்ச்சல் என்று படுத்தால் போதும், சுகந்தி மகளைக் கூப்பிடுவாள்.

“பிள்ளை, அப்பான்ர கடிதத்தில எத்தினை வருசம் மிச்சம்?”

“இருபத்திரண்டு, அம்மா.”

“அப்ப எழும்பித் தேங்காயைத் திருவச் சொல்லு.”