ஸ்டார் சார் நடத்திய ‘வா’

தருமபுரி மாவட்டத்திலேயே ஒரே ஒரு சொல்லை மூன்று வாரம் நடத்திய வாத்தியார் ஸ்டார் சார் ஒருவர்தான்.

செல்போன் கடைக்கு மேலே இருந்த ஜெர்மன் கோச்சிங் சென்டரில் நான் அட்மிஷன் டேபிள், அவர் வாத்தியார். படித்ததெல்லாம் வெளிநாடு போகிற நர்சுகள். ஜெர்மனில் ‘கொம்மென்’ என்றால் வருவது. இங்கிலீஷ் ‘கம்’ அதன் தங்கை, இரண்டுக்கும் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தைய தாய் ‘க்வெமனம்’ என்று எழுதி, முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார். அந்தத் தாயை யாரும் கேட்டதில்லை, எங்கும் எழுதியும் வைக்கவில்லை. பிள்ளைகளின் சாயலை வைத்து, இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று யூகித்தது. அதற்குத்தான் நட்சத்திரம். இன்னும் மேலே போனால் நம்முடைய ‘சங்கமம்’கூட ஒன்றுவிட்ட சொந்தம் என்பார்.

ஊசி போடணும் என்பதை எப்படிச் சொல்வது என்று பாப்பாரப்பட்டி நர்ஸ் ஒருத்தி கேட்டாள்.

“அதுக்கு இன்னும் ரெண்டாயிரம் வருசம் இருக்குதுங்க” என்றார்.

எதிர் மெஸ்ஸின் மெனு பலகையில் பூரிக்கு முன்னால் நட்சத்திரம் போட்டுவிட்டு வந்தார். அங்கே யாரும் பூரியைப் பார்த்ததில்லை. வருகைப் பதிவேட்டிலும் வராதவர்களுக்கு ஸ்டார்தான். கண்ணில் படவில்லையே தவிர, எங்கேயோ இருக்கிறார்கள் அல்லவா.

இண்டூரில் அவருக்குத் தனி அறை, தனி ஆள். இந்த வேலை போனால் பேச ஆளில்லை. சாயங்காலம் கிளம்பும்போது “போறேங்க” என்பார். எனக்குச் சுருக்கென்றிருக்கும். வரேன்னு சொல்லுங்க சார் என்று சண்டை போடுவேன்.

“வரேன்னு சொல்லிட்டு ஜெர்மனி போன நம்ம புள்ளைங்கள்ல ஒருத்தராச்சும் வந்து எட்டிப் பாத்தாங்களா? எனக்குக் கண்ணு பூத்துப்போச்சுங்க.”

ஆண்டு விழாவில் முதலாளி பதிவேட்டைப் புரட்டி, அதிக ஸ்டார் வாங்கிய பெண்ணுக்குக் கேடயம் கொடுத்தார். அவள் அப்பா மைக்கைப் பிடித்து நெகிழ்ந்துபோனார்.

“எம்பொண்ணு நாலு நாள்தானுங்க வந்தா. அதுக்கே கேடயம் குடுத்துட்டீங்க.”

சபையே சிரித்தது, முதலாளியைத் தவிர. மறுநாள் ஸ்டார் சாருக்கு வேலை இல்லை. ஸ்டாருக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். முதலாளியிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

மிச்ச சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு என் டேபிள் அருகே வந்தார்.

“வரேங்க” என்றார். முதல் தடவையாக.

வரவில்லை. இண்டூர் அறையையும் காலி செய்துவிட்டார். அவருடைய எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. அழிக்க எனக்கு மனசு வரவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.