ஒரு முனையைப் பிடிங்கண்ணா

புகைபிடிப்பதை விடுகிறேன் என்று கிளம்பி, ஒரு விடுதியையே கசங்கின சட்டையோடு ஆபீசுக்கு அனுப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மேற்குத் தாம்பரத்தில் எனக்கு அறைத்தோழராக வந்து சேர்ந்தது என் ஜாதக விசேஷம்.

அவருக்கு நல்லதொரு கிறிஸ்தவப் பெயர் உண்டு. ஆனால் சமையல்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் கம்பிதான். தமிழில் கம்பி நீட்டுகிறவன் உண்டு, கம்பி எண்ணுகிறவன் உண்டு, கம்பி கட்டுகிற கதை சொல்கிறவன் உண்டு. இவர் எதிலும் சேர்த்தியில்லை. இவர் கம்பி முறுக்குகிறவர்.

அவர் மனைவி ஸ்டெல்லா பிரசவத்துக்காகச் சிட்லபாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை விடுதிச் சாப்பாடு என்று இவர் இங்கே வந்தார். பெண் குழந்தை பிறந்தது. மாமியார் ஓய்வுபெற்ற டீச்சர். கடைசி பெஞ்சில் எவன் பீடி குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கரும்பலகைப் பக்கம் நின்றபடியே கண்டுபிடித்த மூக்கு அது. சிகரெட் நாற்றம் போகும்வரை மாப்பிள்ளை பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஸ்டெல்லாவும் ஆமென் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரித் தொட்டிலில் பார்த்ததோடு சரி, பெற்ற மகளை அவர் ஒரு தடவைகூடக் கையில் வாங்கியதில்லை.

அந்த நேரம் பார்த்துத் துபாயிலிருந்து வந்த ஒரு சித்தப்பா பையன், சிகரெட்டுக்குப் பதிலாக இதை இழு என்று ஒரு வேப் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் வயிற்றில் காயில் என்று ஒரு சுருள் இருக்கிறது, பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் அளவில். அது சூடாகி, பஞ்சில் ஊறிய திரவத்தைப் புகையாக்குகிறது. திரவம் பாட்டில் பாட்டிலாக இருந்தது. காயில்தான் சீக்கிரமே கருகிப்போனது. நம் ஊரில் இந்தச் சரக்கை விற்கவே கூடாது என்று சட்டம். எனவே கம்பி தானே காயில் செய்யக் கிளம்பினார்.

முதலில் ஹார்டுவேர் கடை. ஒரு ஜாண் கம்பி கேட்டிருக்கிறார்.

"இன்னா சார், காலங்காத்தால பேஜார் பண்ணிகினு? கிலோ கணக்குலதான் குடுப்போம்" என்றாராம் கடைக்காரர்.

அப்படியாக எங்கள் அறைக்கு ஒரு கிலோ கட்டுக்கம்பி வந்தது. அதில் செய்த காயில் துருப்பிடித்த கேட்டை நக்கின மாதிரி இருந்ததாகச் சொன்னார். எந்தக் கேட்டை நக்கிப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார். அடுத்து ஃபியூஸ் கம்பி, அது சூடேறுமுன் உருகியது. விடுதிச் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு நாள் எங்கள் சாம்பாரில் பழைய ரசம் மணத்தது.

கடைசியில் சரியான கம்பியைக் கண்டுபிடித்தார். அது விடுதியின் இஸ்திரிப் பெட்டிக்குள் இருந்தது.

அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் கசங்கினோம். வங்கியில் வேலை பார்த்த ஒருவர் பெண் பார்க்கப் போன இடத்தில், பையன் ரயிலில் தூங்கி வந்தவர் போல இருக்கிறாரே என்று விசாரித்தார்களாம். பெட்டி ஏன் சூடாகவில்லை என்று மேனேஜர் தீவிரமாக ஆராய்ந்தார். எனக்குத் தெரியும். ஆனால் காட்டிக்கொடுக்கவும் தெம்பு வேண்டுமே.

ஆபீஸ் முடிந்து, மின்சார ரயிலில் நசுங்கி, மாடி ஏறி வருகிறவனுக்கு வேண்டியது ஒரு தலையணை. எனக்குக் கிடைத்தது ஒரு கம்பி முனை. ஒற்றைக் கம்பி போதாது, இரண்டை முறுக்கினால்தான் இடுக்கில் திரவம் தங்கும் என்பது அவருடைய சித்தாந்தம். முறுக்குவதற்கு எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும்.

"ஒரு முனையைப் பிடிங்கண்ணா. பிடிச்சுக்கோங்க, விட்டுடாதீங்க."

செருப்பைக்கூடக் கழற்றாமல் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் அறையின் மறுகோடியில் நின்று, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, முறுக்குவார். தண்ணீர் கேன் போட வருகிறவர், வாடகை கேட்க வந்த மேனேஜர், வழி தவறி வந்த கூரியர்காரர் என்று எல்லோரும் ஒரு தடவையாவது பிடித்திருக்கிறார்கள். மேனேஜர் பிடித்தது அவருடைய இஸ்திரிப் பெட்டியின் குடலைத்தான். அது அவருக்குத் தெரியாது.

சிகரெட் நின்றது. சந்தோஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சிட்லபாக்கம் போனவர், போன வேகத்தில் திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்தார். கம்பியைத் தொடவில்லை.

சித்தப்பா பையன் கொடுத்த திரவம் ஸ்ட்ராபெர்ரி மணம். மாமியாரின் மூக்கு அதையும் பிடித்துவிட்டது. சிகரெட் நாற்றம் போய், சட்டையில் இனிப்பாக ஏதோ சென்ட் அடிக்கிறது. அதுவும் பொம்பளை சென்ட். சட்டை வேறு கசங்கியிருக்கிறது. டீச்சர் கூட்டிக் கழித்து ஒரு விடைக்கு வந்துவிட்டார். ஸ்டெல்லா உள்ளறையில் அழ, இவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

"குழந்தை முழிச்சிருந்துச்சுண்ணா" என்றார். "சத்தம் கேட்டுச்சு."

அடுத்த ஞாயிறு தூங்கலாம் என்று இருந்த நான், சாட்சி சொல்ல அவரோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் சட்டையும் கசங்கியிருந்தது உதவியாகப் போயிற்று. கம்பி தன் பையைக் கவிழ்த்து மெஷின், பாட்டில், பஞ்சு, கம்பிச் சுருள்கள் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினார். நான் இஸ்திரிப் பெட்டியின் வரலாற்றைச் சொன்னேன். டீச்சர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். ஸ்டெல்லா கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சினார். அதில் பாதி சிரிப்பு.

"இதுவும் புகைதானே?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க அத்தை."

"மெஷினையும் பாட்டிலையும் வெச்சிட்டுப் போங்க."

நான் ஒரு போராட்டத்தை எதிர்பார்த்தேன். இரண்டையும் கம்பியே டீச்சர் பக்கம் நகர்த்தினார். பிறகு தயங்கி, "கம்பியை மட்டும் நான் எடுத்துக்கட்டுமா அத்தை? கை சும்மா இருந்தா சிகரெட்டைத் தேடுது" என்றார்.

டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சூடுபட்ட கொப்புளம், கம்பி கிழித்த கீறல்.

"சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றார்.

முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தார். டீச்சர் உள்ளே போய், துணியில் சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"பிடிச்சுக்கோங்க மாப்பிள்ளை, விட்டுடாதீங்க."

கம்பி நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டார். பிள்ளை அவருடைய கொப்புள விரல் ஒன்றைப் பற்றிக்கொண்டது. ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருந்த அந்த விரல்கள் அசையாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது அவர்கள் முடிச்சூரில் வீடு எடுத்துப் போய்விட்டார்கள். விடுதிக்குப் புது இஸ்திரிப் பெட்டி வந்துவிட்டது. நாளெல்லாம் நசுங்கி மாடி ஏறி வந்து அறைக் கதவைத் திறக்கிறேன். பிடிக்கச் சொல்ல ஆளில்லை. வலது கையை மட்டும் சற்று நேரம் சும்மா நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.